மொபைல், டேப், பாடம்: தாராவித் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பையின் தாராவியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகப் பாடம் சொல்லித் தருகிறேன். பகலில் பள்ளிக்கூடம். மாலையில் தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் ஒரு கல்லியில், அதாவது சந்தில், ஏணி வைத்து ஏறும் மாடி அறையில் படிப்பு. பெற்றோர் கூட்டத்தில், காய்கறிக் கடையில், வாட்ஸ்அப் குரல் செய்தியில் என்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களும் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஒரு திரை என்று தனித்தனியாகக் கொடுத்துப் படித்ததைவிட, பத்துப் பிள்ளைகள் ஒரே திரையைச் சுற்றி உட்கார்ந்து, கேட்டு, மறுத்து, சத்தம் போட்டுப் படித்ததுதான் மனதில் நின்றிருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை.

எங்க வீட்டுல ஒரே மொபைல்தான் டீச்சர், அதுவும் அவங்க அப்பா கையில. பிள்ளை பின்தங்கிடுமா?

பின்தங்காது. ஆனால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது வகுப்பே மொபைலுக்குள் போய்விட்டது. அப்பா வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வந்தால்தான் வீட்டுக்கு மொபைல் வரும். மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு, ஒரு மொபைல், தினமும் தீர்ந்துபோகும் நெட் பேக். அப்போது விட்டுப்போனதை எட்டிப்பிடிக்கப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். அது பள்ளியே இல்லாத காலம். இப்போது பள்ளி இருக்கிறது, வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார். மொபைல் துணைக்கு வந்தால் போதும். அதற்கு ஒன்றே தாராளம்.

போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிலவின் பிறைகளைப் பற்றிப் பாடம். என்னிடம் இருந்த வீடியோ மூன்றே நிமிடம். அதைப் போட்டுக் காட்டியிருந்தால் பாடமும் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். போடவில்லை. முதலில் கேட்டேன், "நிலா ஏன் தேயுது?" ஏறக்குறைய எல்லாரும் சொன்னது ஒரே பதில்: "பூமியோட நிழல் விழுது டீச்சர்." பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு என் மொபைலின் டார்ச்சைப் போட்டுப் பரணில் வைத்தேன். அது சூரியன். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பென்சிலில் குத்தி, கையை நீட்டிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றச் சொன்னேன். ஒவ்வொருவராகச் சுற்றினார்கள். பழத்தின் ஒரு பாதியில் எப்போதும் வெளிச்சம் இருக்கிறது. அந்தப் பாதியில் நம் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் மாறுகிறது. நாலாவதாகச் சுற்றியவள் நின்றுவிட்டாள். "டீச்சர், என் தலையோட நிழல் பழத்து மேல விழுது. அப்ப இது கிரகணம்! தேய்பிறை வேற!" அதற்குப் பிறகுதான் வீடியோ. அந்த மூன்று நிமிடத்தை நாலு முறை நிறுத்தினோம், நிறுத்தச் சொன்னவர்கள் அவர்களே.

அன்றைக்கு எங்களுக்குப் பெரிய உதவி செய்த தொழில்நுட்பம் அந்த டார்ச்தான்.

பிள்ளைக்கு ஒரு டேப் கொடுத்துட்டா தானாப் படிச்சுக்காதா?

இதை உலகத்தில் பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். மூன்று அனுபவங்களைச் சொல்கிறேன், மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

தென்னமெரிக்காவில் பெரு நாடு. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கிராமப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். பிறகு 319 பள்ளிகளில் அளந்து பார்த்ததில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு அடையாளமே இல்லை. கருவி வந்தது, பாடம் நடத்துகிற விதம் மாறவில்லை.

இரண்டாவது, டில்லி. 1999-ல் சுகதா மித்ரா என்பவர் கால்காஜியில் ஒரு குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் துளை போட்டுக் கணினியை வைத்தார். பிள்ளைகள் தாங்களாகவே தட்டித் தடவி இயக்கக் கற்றுக்கொண்டார்கள். "பார்த்தீர்களா, ஆசிரியரே வேண்டாம்" என்று பலர் இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அவரே பிறகு காளிக்குப்பம் என்ற கிராமத்தில், நம்மைப் போலத் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். உயிரியலில் மரபணு பற்றிய கடினமான பாடம், இருந்ததோ ஆங்கிலத்தில். பிள்ளைகள் தாங்களாகவே கொஞ்ச தூரம் வந்தார்கள், பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அளவுக்கு. அதற்குமேல் நகரவில்லை. அப்போது ஒருவரைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. பாட்டி பேரப்பிள்ளையைப் பார்த்து வியப்பதுபோல், "அட, இதை எப்படிக் கண்டுபிடிச்சே? இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று கேட்பதுதான் வேலை. அதன்பின் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் டில்லியின் நல்ல தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமமாக வந்தார்கள்.

மூன்றாவதும் டில்லிதான். கார்த்திக் முரளிதரனும் அவரோடு இரண்டு பொருளாதார ஆய்வாளர்களும் சேர்ந்து செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு. பள்ளி முடிந்த பிறகு நடக்கும் மையங்களில் 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாக உதவி ஆசிரியரோடு. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். காரணம் திரையின் வண்ணமோ பாட்டோ இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வகுப்பில் ஆறாம் வகுப்புப் பாடம் நடக்கிறது, பிள்ளை நிற்பதோ மூன்றாம் வகுப்பில். அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் நிற்கிற படியைக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்த படியிலிருந்து கேள்வி கொடுத்தது.

நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் இதை ஓர் ஆசிரியரால் தினமும் செய்ய முடியாது. இந்த ஒரு வேலைக்கு டேப் வந்தால் நான் கும்பிட்டு வரவேற்பேன்.

புத்தகத்துல கட்டம் கட்டமா கறுப்பா ஒண்ணு போட்டிருக்கே, அது எதுக்கு?

அது க்யூஆர் கோடு. மொபைலில் டிக்‌ஷா செயலியைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சிக் கேள்வி எல்லாம் வரும். 2017 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் தளம், பணம் எதுவும் கட்ட வேண்டாம். வைஃபை கிடைக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். மழைக்காலத்துக்கு இது முக்கியம். ஜூன் நடுவில் பள்ளி திறக்கும்போதே மழையும் வந்துவிடுகிறது. நான் மே கடைசி வாரத்திலேயே முதல் பருவத்துக்கு வேண்டியதை இறக்கி மெமரி கார்டில் வைத்துவிடுவேன்.

எல்லாம் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும்தானே இருக்கு? தமிழ் வழிப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

நிறையவே கிடைக்கிறது, தேடிக் கொடுக்க ஆள்தான் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎஃப்பாக இலவசம். தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட்டில் தொடங்கியது. அதன் பாடங்கள் யூடியூபில் வகுப்பு வாரியாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில். கணக்குக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள்: ஒரு முக்கோணத்தின் மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கோணங்களின் கூட்டுத்தொகை 180-லேயே நிற்பதைப் பார்க்கிற பிள்ளை அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அறிவியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின், திரையிலேயே செய்து பார்க்கும் ஃபெட் சோதனைகள், மின்சுற்று, மிதத்தல், அணு என்று. இவை இரண்டும் இலவசம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நம் பிள்ளைகள் தமிழில் தொடங்கி, பிறகு மராத்தியிலோ ஆங்கிலத்திலோ படிக்கப் போகிறவர்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. 2020 சட்டத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம். அதனால் தமிழ்நாட்டு வீடியோ பார்த்து விளங்கிக்கொண்டவன் அடுத்த வகுப்பு மாறும்போது அதே விஷயத்தை வேறு பெயரில் கேட்டு விழிக்கிறான். நாங்கள் இதற்கு ஒரு குரல் அகராதி செய்கிறோம். மொபைலில் ரெக்கார்டரைப் போட்டு ஒரு பிள்ளை சொல்லும்: "பின்னம். மராத்தியில அபூர்ணாங்க். இந்தியில பின்ன. இங்கிலீஷ்ல ஃப்ராக்‌ஷன்." அடுத்தவன் ஓர் எடுத்துக்காட்டு சொல்வான். ஒளிச்சேர்க்கைக்கு மராத்தியில் 'ப்ரகாஷ்சம்ஷ்லேஷண்' என்று சொல்ல வராமல் திணறியவன் எட்டு முறை பதிவு செய்து ஒன்பதாவது முறை சரியாகச் சொன்னான். இதுவரை முன்னூற்றுக்கும் மேல் சொற்கள் சேர்ந்துவிட்டன. பத்தாம் வகுப்பு போன அண்ணன்மார்களும் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

தமிழ்ல டைப் பண்ண எப்படிப் பழக்குறது? அம்மாவை ஏஎம்எம்ஏன்னு அடிக்கிறான்.

அதைத்தான் நான் மாற்றப் பார்க்கிறேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வருகிற முறை பெரியவர்களுக்கு வசதி. எழுத்துப் பழகுகிற வயதில் அது பிள்ளையின் தலைக்குள் தமிழை ஆங்கிலத்தின் வழியாகப் புகுத்துகிறது. தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது, தமிழ்நாடு அரசின் தரம். உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். விண்டோஸிலும் இருக்கிறது, மொபைலிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு முதன்முதலில் காட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். 'அம்மா' அடிக்கச் சொன்னேன். அ அடித்தாள். ம அடித்தாள். மறுபடி ம. திரையில் முதல் ம-வின் தலைமேல் புள்ளி தானாக வந்து உட்கார்ந்தது. கையை எடுத்துவிட்டாள். "நான் புள்ளி வைக்கலையே டீச்சர்!" பிறகு ஆ அடித்ததும் ம மா ஆனது. அதையே அழித்து அழித்து ஐந்து முறை அடித்தாள். அடுத்தது அக்கா, அப்பா, அத்தை. உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று கரும்பலகையில் எத்தனையோ நாள் எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அது அவள் விரலில் நடந்தது. 247 எழுத்துக்கும் 31 விசை போதும் என்று சொன்னபோது வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள், அவள் அப்பா மறுநாள் வந்து தனக்கும் காட்டச் சொன்னார்.

ஊர்லேருந்து அனுப்பின கேள்வித்தாளைத் திறந்தா எழுத்தெல்லாம் கிறுக்கலா வருது, ஏன்?

பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. எழுத்துரு மாற்றி என்று தேடினால் ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் வரும், ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அனுப்புகிறவர்களிடம் அன்பாகச் சொல்லி மாறச் சொல்லுங்கள்.

பள்ளியில ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்காங்க. ஒருநாளும் ஓடிப் பார்க்கலை. டீச்சர்களுக்கு அக்கறை இல்லையா?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கும், ஏனென்றால் நானும் அப்படி ஒரு போர்டின் முன் நின்றிருக்கிறேன். ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், வகுப்பில் பெரிய திரை வந்து மாட்டினார்கள். மாட்டியவர் ஒரு மதிய நேரம் இயக்கிக் காட்டிவிட்டுப் போனார். பாஸ்வேர்டு இன்னொருவரிடம் இருந்தது, அவருக்கு மாற்றல் வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் அந்தத் திரை துணி போர்த்திக்கொண்டு நின்றது. கரும்பலகையையும் கழற்றிவிட்டதால் நான் பக்கத்துச் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டி எழுதினேன். பிள்ளைகள் அந்தத் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருப்பதாகவே நினைக்கிறேன்.

இங்கே அக்கறைக் குறைவு இல்லை. கருவி வாங்கப் பணம் வருகிறது, அதைப் பழக நேரம் ஒதுக்குவதில்லை. ஓர் ஆசிரியருக்குப் பாடம் தெரிய வேண்டும், அதைப் பிள்ளைக்குச் சொல்லும் விதம் தெரிய வேண்டும், கருவி தெரிய வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்தால்தான் வேலை நடக்கும் என்று மிஷ்ரா, கோலர் என்ற இரண்டு கல்வியாளர்கள் 2006-லேயே விளக்கமாக எழுதினார்கள். நம் பயிற்சிகளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பின்னம் நடத்தும்போது எந்த இடத்தில் பிள்ளை தடுமாறும், அங்கே திரையில் எதைக் காட்டினால் தெளியும் என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

பிறகு வேலை செய்த இடத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு வழக்கம் வைத்தோம். மாதத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு பாடம் திரையோடு. இன்னொருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்ப்பார், திரையைப் பார்க்கக் கூடாது. எந்த நிமிடத்தில் முகங்கள் வாடின என்று குறித்துக் கொடுப்பார். எனக்கு வந்த முதல் சீட்டில் "ஆறாவது நிமிடம்" என்று இருந்தது. அதுவரை நான் வகுப்பு நன்றாகப் போனதாக நினைத்திருந்தேன். பெற்றோர்கள் பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்: பாஸ்வேர்டு யாரிடம், பழுது பார்ப்பவர் யார், ஆசிரியர்களுக்குப் பயிற்சி எப்போது. போர்டு இருக்கிறதா என்று கேட்பதைவிட இந்த மூன்றும் பயன்படும்.

ஹோம்வொர்க்கை ஏஐ எழுதிக் கொடுத்துடுது. என்ன செய்ய?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதன்பின் எல்லா ஊரிலும் இதே கதைதான். மழைக்காலம் பற்றி ஏழாம் வகுப்பில் கட்டுரை கேட்டேன். ஒரு பெண் பிள்ளை தென்னந்தோப்பு, தோகை விரிக்கும் மயில், குளிர்ந்த தென்றல் எல்லாம் எழுதி வந்தாள். பிழையே இல்லை. நான் திட்டவில்லை. "உங்க கல்லியில போன ஜூலையில என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். தண்ணீர் முழங்கால் வரை வந்தது, அம்மா இட்லி மாவுப் பாத்திரத்தையும் தம்பியையும் ஒரே நேரத்தில் பரணுக்கு ஏற்றினாள், புத்தகப்பை மட்டும் கீழே நின்றுவிட்டது, ஈரப் பக்கங்களை ஃபேனுக்கு அடியில் விரித்தது என்று பத்து நிமிடம் சொன்னாள். அதை மொபைலில் பதிவு செய்துவிட்டேன். அவளே அதைத் திரும்பக் கேட்டு எழுதினாள். சந்திப்பிழை ஏழு இருந்தது. அந்தக் கட்டுரையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே ஆசிரியர்களுக்கு: ஊர் பேர் தெரியாத தலைப்பைக் கொடுத்தால் ஊர் பேர் தெரியாத கட்டுரைதான் வரும். எழுதி வந்ததை இரண்டு நிமிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பெற்றோர்களுக்கு: 13 வயதுக்குக் கீழே சாட்ஜிபிடிக்கு அனுமதியே இல்லை, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அவர்களுடைய விதி. நானும் ஏஐ பயன்படுத்துகிறேன், ஒரே கணக்கை மூன்று படிகளில் எளிதாக்கிக் கேட்க. விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமல் கொடுப்பதில்லை. தமிழில் வல்லினம் மிகும் இடங்களில் அது தடுமாறுவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

கண்ணு கெட்டுடாதா?

அளவு மீறினால் சிரமம்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி உள்ள ஒன்றை, இருபது விநாடி பார்க்கச் சொல்வார்கள். பத்துக்குப் பத்து அறையில் இருபது அடிக்கு எங்கே போவது? ஏணிப்படிக்கு வந்து கல்லி முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட வெளிச்சத்தில் விளையாடுவது உதவும் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. தைவான் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியே அனுப்புகிறது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சோறு ஊட்ட மொபைல் காட்டுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்ல ஹோம்வொர்க் வருது...

வரக் கூடாது. வீட்டுப்பாடம் பிள்ளையின் நோட்டில் பள்ளியிலேயே எழுதப்பட வேண்டும். ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், நாலு பெற்றோர் சேர்ந்து சொன்னால் கேட்பார்கள்.

ஃப்ரீ டெமோன்னு ஒருத்தர் வந்தார். டேப்போட கோர்ஸ், மாசம் மாசம் கட்டலாம்கிறார். சேர்க்கலாமா?

கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடமோ, படித்த யாரிடமோ அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தோல் பட்டறையில் வேலை செய்யும் அப்பா, பிள்ளை டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் ஒரு நிறுவனத்தின் ஆள் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கட்டணத் தவணை என்று அவர் நினைத்தது ஒரு கடன். இரண்டாம் மாதமே பையன் அதைத் திறப்பதை நிறுத்திவிட்டான். வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடிப்பது நிற்கவில்லை. 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே இதைப் பற்றிப் பெற்றோரை எச்சரித்தது, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுக்காதீர்கள் என்று. மேலே சொன்ன இலவசமானவற்றை ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டுமா என்று யோசியுங்கள்.

பொம்பளைப் பிள்ளை கையில மொபைல் கொடுக்கப் பயமா இருக்கு.

பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுத் தங்கைக்கு மறுப்பதை ஏற்கவும் மாட்டேன். பிள்ளைகளின் படிப்பு நிலையை அளக்கும் ஏசர் என்ற கிராமப்புற ஆய்வில், 2024-ம் ஆண்டில், 14 முதல் 16 வயதுக்குள் மொபைல் இயக்கத் தெரிந்த பிள்ளைகளில் சொந்த மொபைல் இருந்தது ஆண்பிள்ளைகளில் 36 சதவீதம், பெண்பிள்ளைகளில் 27. நம் கல்லியிலும் அந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். வீட்டுக்கு ஒரு மொபைல், எல்லாரும் இருக்கிற அறையில், சத்தம் வெளியே கேட்கும்படி, மகனுக்கும் மகளுக்கும் ஒரே நேர அளவு. தெரியாதவர் செய்தி அனுப்பினால் உடனே வந்து சொல்லலாம், சொன்னால் மொபைலைப் பிடுங்க மாட்டோம் என்ற உறுதியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பிடுங்கிவிடுவீர்கள் என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள். பணம் ஏமாந்தாலோ இணையத்தில் தொல்லை வந்தாலோ 1930, பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களை எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம். பள்ளிச் செயலியே கேட்டாலும், எதற்கு என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நான் கைநாட்டு, டீச்சர். அது என்ன பார்க்குது, என்ன படிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

இதைக் கேட்டவர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுகிறவர். அவர் அவிப்பதை அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறார். அந்த அம்மாவிடம் காளிக்குப்பத்துப் 'பாட்டி'யைப் பற்றிச் சொன்னேன். பாடம் தெரிய வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று.

அவர் கேட்டுவிட்டார். நுண்ணுயிர்கள் பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டு மகன், மாவு ஏன் புளிக்கிறது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறான், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வாயு விடுவதால் மாவு பொங்குகிறது என்று. அவர் அரைத்துக்கொண்டே, "அப்போ உப்பை முன்னாடியே போட்டா அதுங்களுக்கு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாராம். பையனுக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்தக் கேள்வியோடு வகுப்புக்கு வந்தான். எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

நாலு வீடுகளில் செய்து பார்த்தோம். ஒரே மாவு, இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் உப்பு போட்டது, ஒன்றில் போடாதது. மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம். வீட்டு மொபைலில் மணிக்கு ஒரு படம். காலையில் எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது மூன்று வீட்டில் ஒரு மாதிரியும் நாலாவது வீட்டில் வேறு மாதிரியும் பொங்கியிருந்தது. அறையே சண்டைக்களமாகிவிட்டது. நாலாவது வீட்டில் டம்ளர் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததா, உப்பு கல்லுப்பா தூளுப்பா, படம் எடுக்க மறந்து தூங்கிய இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த அம்மாவை வரவழைத்துப் படங்களைக் காட்டினோம். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், நாலாவது வீட்டுப் படத்தில் விரலை வைத்து, "இந்த மாவுல உளுந்து குறைச்சல்" என்றார். அடுத்த சனிக்கிழமைக்கு உளுந்தை அளந்து போட்டு மறுபடியும் செய்வதாக முடிவாகியிருக்கிறது.